விரிசல்காரர்

முதலில் நகத்தால் தடவுவார். வலது கட்டை விரல் நகம்; அதை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டிருக்கிறார். சுவரில் குறுக்காக ஒட்டியிருக்கும் கண்ணாடித் துண்டின் மேல் அந்த நகத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெல்ல இழுப்பார். வழுக்கிக்கொண்டு போனால் சரி. எங்காவது தட்டினால்தான் பையிலிருந்து பூதக்கண்ணாடி வெளியே வரும். "கண்ணு நமக்கு வேண்டியதப் பாத்துட்டு வந்துடும். நகத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது" என்பார். பிறகு நோட்டை எடுத்து எண், தேதி, நேரம் மூன்றையும் எழுதி, எதிரே "நிற்கிறது" என்று முடிப்பார். ஒவ்வொரு தடவையும் முழுசாகத்தான் எழுதுவார். மேற்படிக் குறி போட மாட்டார்.

வயல்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர். ஒரு காலத்தில் சுற்று வட்டாரத்துத் தானியமெல்லாம் இங்கேதான் வந்து இறங்கியது. அந்தச் செழிப்பில் யார் யாரோ ஆசை ஆசையாகக் கட்டிவிட்டுப் போன கட்டடங்களில் பதினொன்று இன்னும் மிச்சம். ரயில் வராத ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ஊருக்குச் சற்றும் பொருந்தாத உயரத்தில் ஒரு நீதிமன்றம். பாலத்தடியில் சுங்கச் சாவடி, வெளவால்கள் மட்டும் தவறாமல் வந்துபோகும் நாடகக் கொட்டகை, தபால் நிலையம், தானியக் கூடம் என்று கடைத்தெரு முடியும்வரை தொடரும். எல்லாவற்றிலும் "பாதுகாக்கப்பட்ட கட்டடம்" என்று நகராட்சி நீலப் பலகை மாட்டியிருக்கிறது. பாதுகாப்பு என்று நடப்பது பெரும்பாலும் அந்தப் பலகையும் இவரும்தான்.

வேலை சுலபமாகச் சொல்லிவிடக் கூடியது. பழைய சுவரில் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சுண்ணப் பசை அப்பி ஒட்டுவார். கண்ணாடியின் மூலையில் தேதி. சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். மயிரிழை அசைந்தாலும் பட்டென்று உடையும். அவர் வேலை பார்க்கும் நகராட்சி அலுவலகத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. அவர் "சாட்சி" என்பார். பதினொரு கட்டடங்களில் நாற்பத்து மூன்று சாட்சிகள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அத்தனையையும் நகத்தால் விசாரித்துவிட்டு வருவார். படத்துக்குச் சட்டம் போடும் கடையில் மிஞ்சும் துண்டுகள்தான் கண்ணாடி; கடைக்காரர் ஓர் அட்டைப் பெட்டியில் சேர்த்து வைத்திருப்பார்.

ஐம்பத்தெட்டு வயது. ஒல்லியான ஆள். சட்டையின் முன்கையில் எப்போதும் வெள்ளையாகப் பசைக் கறை. சைக்கிளின் பின்னால் சிறிய மடக்கு ஏணியைக் கட்டிக்கொண்டு அவர் தெருவில் வந்தால், "விரிசல் வந்தாச்சு" என்பார்கள். அவர் காதிலும் விழும். கோபித்துக்கொள்வதில்லை. ஒருநாள் தேநீர்க் கடைக்காரர், "சார், எனக்குக் கடவாய்ப் பல்லுல ஒரு விரிசல். ஒரு கண்ணாடி ஒட்டிவிடுங்களேன்" என்று கேட்டபோது கடையே சிரித்தது. இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஈரத்துல பசை பிடிக்காது" என்றார். கேலிக்குப் பதில் கேலியா, நிஜமாகவே யோசித்தாரா என்று அங்கே இருந்தவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

ஒவ்வொரு விரிசலின் குணமும் அவருக்குத் தெரியும். நீதிமன்றத்து நிலைப்படிக்கு மேலே இருப்பது வெயிலுக்கு வாய் திறந்து மழைக்கு மூடிக்கொள்ளும். அதைப் பற்றிக் கவலையில்லை. சுங்கச் சாவடியில் இருப்பது லாரிகளால் வந்தது. தபால் நிலையத்தில் அஞ்சலக அம்மாளுக்குக் கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதன் மேல் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டார். இவர் வரும்போதெல்லாம் நாட்காட்டியைத் தூக்கி, தடவி, எழுதி, மறுபடியும் நேராகத் தொங்கவிட்டுப் போவார். தேதி கிழிக்காமல் இருந்தால் கிழித்தும் விடுவார். ஒரு முறை வெள்ளையடிக்க வந்தவர்கள் ரயில் நிலையத்தில் ஏழு கண்ணாடிகளின் மேலும் சேர்த்து அடித்துவிட்டார்கள். சவரப் பிளேடால் அவற்றைச் சுரண்டி எடுக்க ஒரு முழு நாள் ஆயிற்று. யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைய நோட்டில் மட்டும் "வெள்ளை நீக்கப்பட்டது. ஏழும் நிற்கின்றன" என்றிருக்கிறது.

அந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. மாதக் கடைசியில் அலுவலகத்தில் கொடுப்பார். அங்கே முத்திரை குத்தி அலமாரியில் வைப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான்.

கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "பொண்ணு பாத்துக்கிட்டே இருந்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க. வயசாயிடுச்சு" என்பார். தபால் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை. வெளியே கிளம்பும்போது ரேடியோவை அணைக்க மாட்டார். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் ஒருநாள், "நீங்க போனதுக்கப்புறமும் பேச்சுக் குரல் கேக்குதே, யாரு உள்ள?" என்று விசாரித்தார். "செய்தி வாசிக்கிறவர்" என்றார் இவர். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். தலையில் முடி குறைந்துகொண்டே வந்தும், பத்து நாளைக்கு ஒரு முறை முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். "என்னத்த வெட்டச் சொல்றீங்க?" என்று கடைக்காரர் அலுத்துக்கொள்வார். "இருக்கறத வெட்டுங்க" என்று கண்ணை மூடிக்கொள்வார். இன்னொருவர் கை தன் தலையில் படுகிற அந்தக் கால் மணி நேரம் அவருக்கு வேண்டியிருந்தது.

மற்றபடி, அவருடைய ஒரு நாளின் பேச்சு முழுவதும் மதியம் ஒன்றே காலிலிருந்து இரண்டு வரை தானியக் கூடத்தில் நடந்து முடிந்துவிடும். அங்கே அண்ணி இருந்தார்.

தானியக் கூடம் செங்கல்லால் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். முன்னால் ஒன்பது வளைவுகள். ஒரு காலத்தில் அந்த வளைவுகளுக்குக் கீழேதான் தராசுகள் தொங்கின. கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. முன்பக்கத்து அறைகளை நகராட்சி வாடகைக்கு விட்டிருந்தது. அண்ணன் இறந்து இரண்டு வருஷம் கழித்து, அண்ணி அதில் ஓர் அறையை எடுத்து ஜெராக்ஸ் இயந்திரமும் தட்டச்சும் வைத்துக் கடை போட்டார். மகளைக் கட்டிக்கொடுத்து வெளியூர் அனுப்பியிருந்தார். "வீட்டுல உக்காந்து என்ன பண்றது? இங்க நாலு பேரு வருவான், நாலு காகிதம் வரும்" என்பார்.

உண்மையில் அண்ணிக்கு வேண்டியிருந்தது காகிதம்தான். நகல் எடுக்க வருகிற ஒவ்வொன்றையும் ஒரு வரி விடாமல் படித்துவிடுவார். யார் வீட்டில் பாகப் பிரிவினை, எந்தப் பையன் எத்தனை பாடத்தில் போனான், எந்தப் பெண் யாருக்கும் சொல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு மனுப் போடுகிறாள் என்று ஊரே அவருக்கு அத்துப்படி. "நானாப் படிக்கல தம்பி. கண்ணுல படுது. கண்ண எங்க வெச்சுக்கறது?" என்பார். அத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு திணறிப்போய், ஒன்றே காலுக்குப் பாதிக் கதவை இறக்கிவிட்டு, காகிதக் கட்டுகளை ஒதுக்கி மேசையில் சாப்பாட்டு டப்பாக்களைப் பரப்பிக்கொண்டே கொட்ட ஆரம்பிப்பார். இவர் வரும் வழியில் இரண்டு பழம் வாங்கி வருவார். சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். "அப்படியா" என்று ஒரு தடவை, "அடப் பாவமே" என்று ஒரு தடவை. கேட்ட எதுவும் அந்த அறையைத் தாண்டியதில்லை.

"உன்கிட்டச் சொன்னா சுவத்துக்கிட்டச் சொன்ன மாதிரி" என்றார் அண்ணி ஒருநாள். வேறு யாராக இருந்தாலும் முகம் சுருங்கியிருக்கும். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

அந்த அறையின் பின்சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல் போயிற்று. அதன் குறுக்கே இருந்தது முப்பத்தோராம் எண் கண்ணாடி. ஒன்பது வருஷமாக அசையவில்லை. அண்ணியின் நாற்காலி அதற்கு நேர் கீழே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நகராட்சி அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் புதுச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியது. தோண்டிய குத்தகைக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பள்ளம் திறந்தே கிடந்தது. மழை பெய்து அதில் தண்ணீர் நின்றது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் இவர் கடைக்குப் போனபோது, அண்ணி தட்டச்சு செய்த மனுவைக் கொடுக்க நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. இவர் நாற்காலியை ஒதுக்கி, ஏணியை விரித்து, முப்பத்தோராம் எண்ணின் மேல் நகத்தை வைத்து இழுத்தார்.

நகம் தட்டியது.

இன்னொரு முறை இழுத்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். குறுக்கே ஒரு கோடு, முடியைவிட மெல்லியது. விதி என்னவென்று அவருக்குத் தெரியும். அதை அலுவலகத்தோடு மல்லுக்கு நின்று எழுதி வாங்கியவரே அவர்தான். சாட்சி உடைந்தால் அன்றைக்கே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொறியாளர் வந்து பார்க்கும்வரை அந்தப் பகுதியில் ஆள் இருக்கக் கூடாது. அப்படி மூடினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். நாடகக் கொட்டகையை இரண்டு வாரத்துக்கு என்று சொல்லித்தான் மூடினார்கள். எட்டு வருஷமாகிவிட்டது.

ஏணியின் மேல் எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கு நினைவில்லை. கீழே மேசையின் ஓரத்தில் அன்றைய டப்பாக்கள் பைக்குள் இருந்தன. அவர் உடைந்த கண்ணாடியைப் பெயர்த்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதுத் துண்டு ஒன்றை எடுத்து அதன் மூலையில் தேதி எழுதினார். அன்றைய தேதியை எழுதவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதியை, அதே சாய்வில், அதே அளவில் எழுதினார். பசை குழைத்து ஒட்டினார். நோட்டில் "நிற்கிறது" என்று எழுதினார்.

அண்ணி திரும்பி வந்து, "என்ன தம்பி, கையெல்லாம் வெள்ளை?" என்றார்.

"பழைய பசை விட்டுடுச்சு அண்ணி. திருப்பிப் பூசினேன்."

"காலையிலயே வந்துட்டியே, டீ குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு எந்த வேலையும் ஓடவில்லை. மறுநாளிலிருந்து ஏதாவது ஒரு சாக்கில் காலையிலும் வந்தார், மாலையிலும் வந்தார். வேறு சாக்குக் கிடைக்காமல் தன் அடையாள அட்டையை நகல் எடுக்கச் சொன்னார். ஒரே வாரத்தில் பதினாலு நகல். "எதுக்கு இத்தனை? எங்கியாவது ஓடிப் போகப் போறியா?" என்று அண்ணி சிரித்தார். "ஆபீஸ்ல கேக்கறாங்க" என்றார். வெளிச்சம் இங்கே நன்றாக இருக்கிறது என்று நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டார். அவர் போனதும் அண்ணி அதை உள்ளே இழுத்துக்கொண்டார்; வாசலில் வெயில் முகத்தில் அடித்தது. இவர் பின்பக்கம் போய்ப் பள்ளத்தைப் பார்த்தார். அலுவலகத்துக்குப் போய், பள்ளத்தை மூடச் சொல்லி மன்றாடினார். "குத்தகைக்காரர் வரட்டும்" என்றார்கள். ஏன் அவசரம் என்று ஒருவராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை. சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் தம்பிக்கு எதிராகக் கொண்டு வந்த வழக்குக் காகிதத்தைப் பற்றி அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார். "அதுல பாரு தம்பி, அவங்க அம்மா போட்ட கையெழுத்து இருக்கே…" என்று அவர் சொல்லும்போது பின்னால் ஒரு சத்தம். பல்லியின் சத்தம் அளவுகூட இருக்காது. அண்ணிக்குக் கேட்கவில்லை.

"எழுந்திருங்க அண்ணி."

"இரு, ரெண்டு வாய்தான்…"

"எழுந்திருங்க."

அண்ணி கடை போட்ட பதினோரு வருஷத்தில் அவர் அந்தக் குரலில் பேசியதில்லை. அண்ணி கையைக்கூடக் கழுவாமல் எழுந்தார். கைப்பையை எடுத்து அண்ணியின் தோளில் மாட்டி, கையைப் பிடித்து வளைவுகளைத் தாண்டித் தெருவின் எதிர்ப் பக்கம் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இவர் திரும்பி வந்து கதவை இழுத்துப் பூட்டினார். சாப்பாட்டு டப்பாக்கள் திறந்தபடி உள்ளேயே இருந்தன. அங்கேயே சைக்கிள் இருக்கையின் மேல் நோட்டை வைத்து எழுதினார். எழுத்துக் கோணல்மாணலாக இருக்கிறது. ஆனால் படிக்க முடிகிறது.

மறுநாள் காலை மாவட்டத்திலிருந்து பொறியாளர் வந்தார். முப்பது வயதுப் பெண்மணி. தலைக் கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தார். பின்பக்கம் போய்ப் பள்ளத்தில் கம்பை விட்டு ஆழம் பார்த்தார். வெளியே வந்து வளைவுக்கு எட்டப் போட்டிருந்த மேசையில் தாளை விரித்து எழுத ஆரம்பித்தார். அண்ணி, கடைக்குள் இருக்கும் தன் சாமான்களை எப்போது எடுக்கலாம் என்று கேட்பதற்காகப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நேத்து பகல் ஒண்ணே முக்காலுக்கு உடைஞ்சிருக்கு. இல்லையா?" என்றார் பொறியாளர், நோட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா."

"நல்ல வேளை, உடனே பாத்துட்டீங்க. அதுக்கு முன்னாடி எந்த அசைவும் இல்ல?"

நோட்டில் இல்லை. பொறியாளர் பேனாவை நகர்த்தக்கூட ஆரம்பித்துவிட்டார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருந்துச்சுங்க. போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில ஒண்ணு உடைஞ்சுது. நான் எழுதல. வேற கண்ணாடி வெச்சு, பழைய தேதியப் போட்டு ஒட்டிட்டேன்."

பொறியாளர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து அதையும் எழுதினார்.

அண்ணிக்கு விஷயம் விளங்கச் சில நொடிகள் ஆயின. விரல்களை மடக்கி எண்ணினார்.

"ஒம்பது நாள்" என்றார்.

பிறகு திரும்பிக் கடைப் பக்கம் பார்த்தார்.

"ஒம்பது நாளா அந்த நாற்காலியிலதான உக்காந்திருந்தேன். நீயும் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்த."

"ஆமா அண்ணி."

"தெரிஞ்சுதானே?"

"தெரிஞ்சுதான்."

"எதுக்கு?"

பதில் இல்லாமல் இல்லை. மூடினால் மதியம் ஒன்றே காலுக்கு நான் எங்கே போவேன் என்பதுதான் பதில். ஒருவரைச் சுவருக்கு அடியில் உட்கார வைத்ததற்கு ஈடாகச் சொல்ல முடியாத அளவுக்கு அது சின்னதாக இருந்தது. அவர் தன் முன்கையில் இருந்த பசைக் கறையைச் சுரண்டிக்கொண்டு நின்றார். அண்ணி இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, சாமானைப் பற்றிக் கேட்க வந்ததையும் கேட்காமல் போய்விட்டார்.

அலுவலகத்தில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் அந்த ஏணியில் ஏற வேறு ஆள் இல்லை. தானியக் கூடத்துக்கு மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்தார்கள். பள்ளம் இரண்டே நாளில் மூடப்பட்டது. அண்ணிக்குப் பேருந்து நிலையத்தில் ஒரு கூண்டுக் கடை தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டார். இயந்திரத்தைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கத் தீர்மானித்தார்.

சாமான் ஏற்றிய அன்று இவர் போனார். வராதே என்று அண்ணி சொல்லவில்லை. "அத அங்க வை." "இது கனம், பாத்து." அதற்கு மேல் வார்த்தை இல்லை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே, "வேளா வேளைக்குச் சாப்பிடு" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

அந்த வருஷம் அவர் வேளா வேளைக்குத்தான் சாப்பிட்டார். முதலில் ஓர் உணவு விடுதிக்குப் போனார். அங்கே நாலு பேர் உட்காரும் மேசையில் தனியாக உட்கார்ந்தால், "சார், கொஞ்சம் ஓரமா" என்று வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். நீதிமன்றத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் ரொட்டியும் அவித்த முட்டையும் பொட்டலம் கட்டிக்கொண்டு தானியக் கூடத்துக்கே வந்து, வளைவுக்குக் கீழே எடைக்கற்கள் வைத்திருந்த மேடையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு முட்டுக் கட்டைகளை எண்ணுவார். பதினேழு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டிய, புதிதாக ஒட்டிய முப்பத்தோராம் எண்ணைத் தினமும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார். அண்ணி எடுக்காமல் இருந்ததில்லை.

"எப்படி இருக்க?"

"இருக்கேன் அண்ணி. நீங்க?"

"இருக்கேன். கட்டடம்?"

"நிக்குது."

"சரி, வெச்சிடறேன்."

யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அண்ணி சொல்வதில்லை. அந்தப் புது ஊரில் அவருக்குக் காகிதம் எதுவும் கண்ணில் படுவதில்லையோ, பட்டும் சொல்லவில்லையோ, இவருக்குத் தெரியாது.

பதினாலு மாதம் கழித்துச் சுவரின் அடித்தளத்தை எடுத்துக் கட்டி, விரிசலைக் கம்பி வைத்துத் தைத்து, தானியக் கூடத்தைத் திறந்தார்கள். நகராட்சித் தலைவர் நாடாவை வெட்டினார். சுவர் விழவே இல்லை. எதிர்க் கடைக்காரர்கள், "இதுக்கா அந்த அம்மாவ ஊர விட்டு அனுப்புனீங்க?" என்று இவரிடம் கேட்டார்கள். பழைய வாடகைதாரருக்குத்தான் முதல் உரிமை என்று அலுவலகத்தில் சொன்னதும், இவர் ஞாயிறுவரை காத்திராமல் அன்றே கூப்பிட்டார். "வேற யாருக்காவது கொடுத்துடச் சொல்லு தம்பி" என்றார் அண்ணி. கைப்பேசி பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து அந்த அறையில் கடை போட்டார். மரியாதையான ஆள். இவர் ஏணியோடு உள்ளே வந்தால் எழுந்து நின்று வழி விடுவார். காதில் எப்போதும் பாட்டுக் கருவி மாட்டியிருப்பதால் பேச்சு எதுவும் கிடையாது.

போன மாதம் ஒரு புதன்கிழமை அண்ணியின் மகள் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, இங்க அம்மா ரூமுல, கட்டிலுக்கு மேல சுவத்துல ஒரு விரிசல் விட்டிருக்கு. ஒண்ணுமில்லன்னு கட்டுன ஆளு சொல்லிட்டாரு. அம்மா நம்ப மாட்டேங்கறாங்க. ஒரு வாரமா ஹால்ல நாற்காலியிலயே தூங்கறாங்க. நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறீங்களா? நான் கூப்பிட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லாதீங்க."

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் போனார். மூன்று மணி நேரப் பயணம். பையில் நாலு கண்ணாடித் துண்டும் கொஞ்சம் பசை மாவும். வரிசையாக ஒரே மாதிரி நின்ற அடுக்குக் கட்டடங்களில், நாலாவது மாடி. கதவைத் திறந்த அண்ணி கொஞ்சம் இளைத்திருந்தார். "வா" என்றார். அப்புறம், "இந்த வெயில்ல எதுக்கு வந்த?" என்றார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கட்டிலை இழுத்துவிட்டு, ஒரு நாற்காலியின் மேல் ஏறி அவர் விரிசலைப் பார்த்தார். முழ நீளம் இருக்கும். உத்தரமும் செங்கல்லும் சேரும் இடத்தில் நேர்க்கோடாகப் போயிருந்தது. நகத்தால் தடவினார். ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அடுத்த அறைக்குப் போய்ச் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தார். வெளிப்புறத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். திரும்பி வந்து இன்னொரு முறை தடவினார். ஒரு சின்ன விரிசலுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

"பூச்சுதான் வெடிச்சிருக்கு. சுவர் வெடிக்கல" என்றார் இறங்கி வந்து. "புதுக் கட்டடத்துல இந்த எடத்துல வரும். ஒண்ணும் ஆகாது."

"அப்பாடா" என்றாள் மகள். "கண்ணாடி ஏதாவது ஒட்டணுமா சித்தப்பா?"

"வேண்டாம்மா. இதுக்குத் தேவையில்ல."

அறை வாசலில் நின்றிருந்த அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாத்தான் சொல்றியா?" என்று கேட்டார்.

"என்னம்மா நீ" என்றாள் மகள் மெதுவாக.

அவர் பூதக்கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அண்ணிதான் பரிமாறினார். தான் பிறகு சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். குழந்தையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மகள் ஏதோ பேசினாள்.

திரும்பும் பேருந்துக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. மகள் ஹாலில் மின்விசிறிக்கு நேராக ஒரு விரிப்பைப் போட்டு, தலையணை வைத்து, "கொஞ்சம் படுங்க சித்தப்பா" என்றாள்.

அவர் குனிந்து விரிப்பைச் சுருட்டி எடுத்தார். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணியைக் கடந்து அறைக்குள் போனார். கட்டில் இன்னும் ஒதுங்கித்தான் இருந்தது. விரிசலுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டினாற்போல் விரிப்பைப் போட்டார். தலையைச் சுவர்ப் பக்கமாக வைத்து மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.